நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் எழுத்து

ஜூன் 3, செவ்வாய்

பதிப்பாளர் ஒரு துணிப்பை நிறையக் கடிதங்களைக் கொடுத்தனுப்பியிருந்தார். "இந்தக் காலத்துல யாரும்மா கடிதம் எழுதறாங்க? உங்களுக்கு மட்டும் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது" என்று போனில் ஒரே பெருமை. பிரித்துப் பார்த்தால் பாதி, அவர் போட்ட மற்ற புத்தகங்களுக்கு வந்தவை. சமையல் புத்தகத்தைப் பற்றிய புகார் ஒன்றும் கலந்திருந்தது: 'எல்லாம் சொன்னீர்கள், உப்பு எவ்வளவு என்று சொல்லவில்லை.' அதற்கே முதலில் பதில் எழுதலாமா என்று கை துறுதுறுத்தது. இத்தனை வருடம் தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் குப்பை கொட்டியவள் நான். புகார் என்று ஒன்றைக் கண்டால் கை தானாகப் பேனாவைத் தேடும்.

மிச்சப் பாதி என் நாவலுக்கு வந்தவைதான். ஏழு வயது மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த தாயின் கதை. கதை என்று அட்டையில் போட்டிருக்கிறது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அட்டையைத் தாண்டியும் தெரியும்.

அக்கா கடிதம் எழுதவில்லை. நேரிலேயே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள்.

"ஆஸ்பத்திரியில எல்லாரும் பதறிக்கிட்டு நிக்கிறப்போ, டீயில சக்கரை பத்தலைன்னு சொல்ற பெரியம்மா யாருடி? நான்தானே?"

"இல்லக்கா. அது சும்மா கற்பனை."

"கற்பனையா? நான் சொன்னேன்டி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

சத்தியமாக எனக்கு ஞாபகமே இல்லை. கற்பனை என்று நினைத்து எழுதியது எங்கிருந்து வந்தது என்று இன்றுதான் தெரிந்தது. அக்காவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, "சரி, நிஜமாவே சக்கரை இல்லாமதான் இருந்துச்சு" என்றாள். இருவரும் சிரித்தோம். போகும்போது டீ கேட்டு வாங்கிக் குடித்தாள். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டேன்.

அலுவலகத்தில் பொறியாளரும் படித்துவிட்டாராம். "அருமை மேடம். ஆனா முப்பத்தெட்டாம் பக்கத்துல குழாய் வெடிக்குதே, அப்படி வெடிக்காது. வால்வைத் திறந்தா அழுத்தம் குறையும், ஏறாது." மனுஷர்களை அழவைக்க எழுதினேன், இவர் குழாயைப் பார்த்திருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள், "என் தங்கச்சி நெனப்பு வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கோப்போடு போய்விட்டார். அவருக்கு ஒரு தங்கை இருந்ததே இத்தனை நாள் எனக்குத் தெரியாது.


ஜூன் 5, வியாழன்

எல்லோரும் பேசிவிட்டார்கள். இவர் மட்டும் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. முழுக் கைப்பிரதியையும் கணினியில் அடித்துக் கொடுத்தவரே இவர்தான். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். கல்யாணமான புதிதிலிருந்து அதைப் படிக்கப் பழகியவர் உலகத்திலேயே இவர் ஒருவர். தன் மூக்குக் கண்ணாடிக் கடையை அடைத்துவிட்டு வந்து, சாப்பிட்டு, இரண்டு விரலால் டொக் டொக்கென்று எட்டு மாதம் அடித்தார். அடித்ததைச் சரிபார்த்ததும் அவர்தான். நான் எழுதி முடித்ததைத் திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று பயம்.

உள்ளதைச் சொன்னால் ஊர் படிப்பதற்காக இதை எழுதவில்லை. இந்த ஒரு மனுஷர் படிப்பதற்காக எழுதினேன். எங்கள் குட்டி போனதிலிருந்து அவளைப் பற்றி வீட்டில் இவர் வாயே திறந்ததில்லை. யாராவது பேச்செடுத்தால் கடையில் ஏதோ மறந்துவிட்டது போல எழுந்து போய்விடுவார். அவரிடம் பேச முடியாததையெல்லாம் எழுதி, அவர் கையிலேயே கொடுத்து, எழுத்தெழுத்தாக அடிக்கவும் வைத்தேன். எட்டு மாதத்தில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இது 'கை'யா 'கால்'ஆ? ஒரே கிறுக்கலா இருக்கு."


ஜூன் 8, ஞாயிறு

தலை சுற்றுகிறது.

ஒரு பேராசிரியர் சிறுபத்திரிகையில் நாவலைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பதிப்பாளர் அனுப்பி வைத்தார். நான்கில் மூன்று பக்கம் ஒரே ஒரு வரியைப் பற்றி. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து வரி. 'அன்று விடியும்போது அவள் இருந்தாள்.' அதைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்: 'குழந்தையின் மரணம் இங்கே சொல்லப்படவே இல்லை. இருந்தாள் என்ற ஒரே சொல்லில் இனி இல்லை என்பது ஒலிக்கிறது. இருத்தலையும் இறந்தகாலத்தில்தானே சொல்ல வேண்டியிருக்கிறது! சமீபத்தில் தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த வாக்கியம்.'

நான் அப்படி எழுதவில்லையே!

பையிலிருந்த கடிதங்களை மறுபடி எடுத்துப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் அதே வரியைச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் மேலோட்டமாகப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தை முதல் தடவையாகத் திறந்தேன். நூற்றுப் பன்னிரண்டு. அப்படித்தான் இருக்கிறது. நான் எழுதியது 'இறந்தாள்'. அச்சில் 'இருந்தாள்'.

ஒரு எழுத்து. 'ற' இருக்க வேண்டிய இடத்தில் 'ரு'. பிழை திருத்தியது யார்? எங்கள் வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர். காலையிலிருந்து சாயங்காலம் வரை வருகிறவர் போகிறவர் எல்லோரையும் நாற்காலியில் உட்காரவைத்து, 'மேல் வரிசை படிங்க, கீழ் வரிசை படிங்க' என்று எழுத்துப் படிக்கச் சொல்கிற மனுஷர். ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவர் வீட்டில் இந்த லட்சணம்.

சிரிப்பு வருகிறது. அதைவிட ஆத்திரம் வருகிறது. அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு எத்தனை நாள் ஆனது என்று யாருக்காவது தெரியுமா? 'போயிட்டா' என்பார்கள். 'தவறிட்டா' என்பார்கள். 'சாமி கூப்பிட்டுக்கிச்சு' என்பார்கள். குழாய் உடைந்தால் உடைந்தது என்று சொல்கிறோம். என் பிள்ளைக்கு மட்டும் எல்லோரும் சுற்றி வளைத்தார்கள். நானும்தான். அந்த நாவலே அந்த வார்த்தைக்குப் போய்ச் சேருவதற்கான வழிதான். போய்ச் சேர்ந்தேன். எழுதினேன். எழுதிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன், அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

அந்த வரியைக் காணோம்.


ஜூன் 9, திங்கள்

பதிப்பாளரிடம் சொன்னேன். அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். வெளியில சொல்லிடாதீங்க."

"அது அச்சுப்பிழை சார்."

"இருக்கட்டுமே! புத்தகத்தோட உயிரே அதுலதான் இருக்கு. ரெண்டாவது பதிப்புக்குப் பின்னட்டையில அந்த வரியைத்தான் பெருசா போட்டிருக்கேன்."

ஆக இரண்டாம் பதிப்பின் பின்னட்டையில் என் பெயர், என் படம், அதற்குமேல் நான் எழுதாத வரி. அடுத்த மாதக் கடைசிக்குள் திருத்தம் ஏதாவது இருந்தால் சொல்ல வேண்டுமாம். "இருக்காதுன்னு நம்பறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் பக்கத்தைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார்.

"தவறிப்போச்சு" என்றார்.

அவ்வளவுதான். தண்ணீர் குடித்தார், எழுந்து போய்க் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார்.


ஜூன் 12, வியாழன்

ஆபீசில் மானம் போயிற்று. கடிதங்களுக்கெல்லாம் மதிய இடைவேளையில் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். கூடவே குடிநீர்ப் புகார்களும் திறந்திருந்தன. 'உங்கள் நாவலைப் படித்து இரண்டு நாள் தூங்கவில்லை' என்று எழுதிய ஓய்வுபெற்ற தபால்காரருக்கு நான் அனுப்பியது: 'தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. ஏழு வேலை நாட்களுக்குள் அடைப்பு நீக்கப்படும்.'

பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்பினேன். அவர் பதில் உடனே வந்தது: 'முதல் பதிலே நன்றாக இருந்தது, அம்மா. அடைப்பு கொஞ்சம் நீங்கியது.'

நாள் முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன்.


ஜூன் 17, செவ்வாய்

விட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். ஊரே நன்றாக இருக்கிறது என்கிறது. பழம் நழுவிப் பாலில் விழுந்ததை யாராவது எடுத்து வெளியே போடுவார்களா? இன்று மதியம் வரை அப்படித்தான் இருந்தேன்.

மதியம் ஒரு போன். பதிப்பகத்தில் எண் வாங்கினாராம். பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம். தைக்கிறவராம்.

"நீங்கதான் எழுதினதா?"

"ஆமாங்க."

"உங்களோட சண்டை போடணும்னுதான் போன் பண்ணேன்."

"போடுங்க" என்றேன். எனக்கு அது பழக்கம்தானே.

"எல்லாப் பக்கமும் சரியா எழுதிட்டு, அந்த எடத்துக்கு வந்ததும் நழுவிட்டீங்களே? எம் பையன் இறந்துட்டான். மூணு வருஷமாச்சு. அந்த வார்த்தையை எங்க வீட்டுல ஒருத்தரும் சொல்றதில்ல. நான் சொன்னா 'அப்படிச் சொல்லாதே'ன்னு வாயைப் பொத்தறாங்க. சொல்லாம இருந்தா திரும்பி வந்துடுவானா? இந்தம்மா சொல்லிடுவாங்கன்னு பக்கம் பக்கமா வந்தேன். கடைசியில நீங்களும் பயந்துட்டீங்களா?"

மெஷின் சத்தம் நின்றுவிட்டது. நான் என்ன சொல்ல? என் வீட்டுக்காரர் தப்பாக அடித்துவிட்டார் என்றா?

"நான் பயப்படலீங்க. எழுதினேன். புத்தகத்துல வரலை" என்றேன்.

"அப்போ வர வைங்க" என்றார்.

பெரிய எழுத்தாளர் மாதிரி ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. "சரிங்க" என்றேன். பிறகு இருவரும் அவர் பையனைப் பற்றிப் பேசினோம். பட்டன் என்றால் உயிராம். எந்தச் சட்டையில் பட்டன் காணாமல் போனாலும் அவன் பையில் இருக்குமாம். சொல்லும்போது சிரித்தார். நல்ல சிரிப்பு.


ஜூன் 20, வெள்ளி

சாயங்காலம் புத்தகத்தை முழுதாக வாசித்தேன். என் புத்தகத்தை நானே முதல் தடவை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன், அதை யாரும் என் முகத்துக்கு நேரே இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

ஆனால் இப்போது வேறு ஒன்று உறுத்துகிறது. முதல் அத்தியாயத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் 'இறந்தார்'. சரியாக வந்திருக்கிறது. நடுவில் தெருநாய் 'இறந்தது'. சரியாக வந்திருக்கிறது. அத்தை 'இறந்தாள்'. அதுவும் சரி.

இவளுக்கு மட்டும் எப்படித் தவறிப்போகும்?


ஜூன் 22, ஞாயிறு

கடை விடுமுறை. இவர் மட்டும் போய்க் கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் போனேன். சுற்றி வளைக்கவில்லை.

"கிழவர் இறந்தது சரியா இருக்கு. நாய் இறந்தது சரியா இருக்கு. இவளுக்கு மட்டும் விரல் தவறிடுச்சா?"

துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த சட்டம்.

"விரல் போகல" என்றார்.

"என்னது?"

"அடிக்க விரல் போகலம்மா. நீ எழுதிட்டே. என்னால அடிக்க முடியல. அந்த எடத்தை விட்டுட்டு மிச்சம் பூரா அடிச்சு முடிச்சேன். திரும்ப வந்தேன். அப்பவும் போகல. இருந்தாள்னு அடிச்சேன். அது பொய் இல்லையே? இருந்தாதானே?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ படிச்சுப் பார்த்து நீயே மாத்திடுவேன்னு நெனச்சேன். நீ தொடவே இல்ல. பதிப்பாளர் பார்த்துட்டுப் பிரமாதம்னுட்டாரு. நான் என்ன பண்றது?"

சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்திவிட்டேன். என்னென்னவோ சொன்னேன். ஊர் முழுக்க வாயைப் பொத்துது, நீங்களும் பொத்திட்டீங்க. என் வாயை இல்ல, என் புத்தகத்து வாயை. யாருக்காக எழுதினேன்னு நெனச்சீங்க? உங்களுக்காகத்தான் எழுதினேன். ஒரு தடவையாவது என்கூட உக்காந்து அழுவீங்கன்னு — எட்டு மாசம் பக்கத்து அறையில டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுட்டே கெடந்தேனே, இன்னிக்காவது எழுந்து வருவாரா, நாளைக்காவது வருவாரான்னு —

அவர் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். தெருவில் போகிறவர்கள் பார்க்கக் கூடாது என்று. திரும்பி வரவில்லை, அங்கேயே நின்றார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.


ஜூன் 25, புதன்

பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாடு உண்டு.


ஜூன் 28, சனி

வீட்டுக்குள் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் வெளியூரிலிருக்கிற பெரியவன் தூது போகிறான். "அப்பாகிட்ட மின்சார பில் கட்டியாச்சான்னு கேளு" என்று அவனுக்குப் போன் செய்தேன். அவன் அப்பாவுக்குப் போன் செய்தான். பக்கத்து அறையில் மணி அடித்தது எனக்கே கேட்டது. "கட்டியாச்சாம்" என்று எனக்குச் சொன்னான்.

"அம்மா, நான் ராத்திரி பகல்னு ரயில்ல வர்ற தூரத்துல இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே சுவத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். நல்லா இருக்கா இது?"

நன்றாகத்தான் இல்லை. அடுத்த வாரம் வருகிறானாம். 'உன் புத்தகத்தைப் பத்தி எனக்கும் ஒரு புகார் இருக்கு' என்று வேறு செய்தி அனுப்பியிருக்கிறான். வரிசையில் நில்லு மகனே.


ஜூலை 6, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

பெரியவன் நேற்று வந்தான். இன்று மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். இவரும் நானும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம். பெரியவன் தொண்டையைச் செருமினான்.

"அம்மா. புகார் எண் ஒண்ணு. நீ அவளை ரொம்ப நல்ல பொண்ணா எழுதிட்டே."

"ஏன், நல்ல பொண்ணுதானே?"

"யாரு, குட்டியா? என் பென்சில் அத்தனையும் கடிச்சு வைப்பா. கேட்டா எலின்னு சொல்லுவா. நீயும் எலிப்பொறி வாங்கிட்டு வந்தே. அது எதுவுமே புத்தகத்துல இல்ல. உன் புத்தகத்துல வர்றது யாரோ ஒரு தேவதை. எனக்கு அவளைத் தெரியாது."

எலிப்பொறி! சுத்தமாக மறந்துவிட்டேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் இவர் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். கை சோற்றிலேயே இருந்தது.

"எலி ஒண்ணும் இல்ல" என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே. "எலி விஷயம் எனக்குத் தெரியும். என்கிட்ட சொல்லிட்டா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

பெரியவன் என்னைப் பார்த்தான். நான் அசையவில்லை. அசைந்தால் நின்றுவிடும் என்று பயம்.

"கடையில வந்து உக்காந்துப்பா இல்ல, பள்ளிக்கூடம் விட்டதும்? கண் பார்க்கிற அட்டையில இருக்கிற எழுத்தெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு நாள் வாத்தியார் ஒருத்தர் கண்ணு காட்ட வந்தார். மேல் வரிசையே தடுமாறினவர் கடைசி வரிசையைக் கடகடன்னு படிக்கிறார். எனக்கு ஒரே ஆச்சரியம். திரும்பிப் பார்த்தா இவ அவர் நாற்காலிக்குப் பின்னால குந்திக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா கிசுகிசுன்னு ஊதிக்கிட்டிருக்கா. 'ஏன்டி?'ன்னு கேட்டேன். 'பாவம்ப்பா, ஃபெயில் ஆயிடுவார்'ங்கறா."

பெரியவனுக்குப் புரையேறிவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர். இவரும் சிரித்தார் — முகத்தைக் கோணிக்கொண்டு, சத்தமே வராமல். பிறகு சிரிப்பு அப்படியே மாறிவிட்டது. இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். எச்சில் கையோடு என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். புடவையெல்லாம் சோறு. எத்தனை வருடம் காத்திருந்தேன் இதற்கு. நானும் அழுதேன். பெரியவன் எங்களுக்குத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று போய் அடுக்களையில் நின்று அழுதான்.

கொஞ்சம் அடங்கியதும் இவர் சொன்னார், "உன் புத்தகத்துல அவ வர்ற எடமெல்லாம் படுத்துக்கிட்டே இருக்கா. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு நிமிஷம் சேர்ந்தாப்புல அவ படுத்ததில்ல."

ஒரு வழியாக என் வாசகர் கருத்துச் சொல்லிவிட்டார். பாராட்டு இல்லை, புகார்தான். ஆனால் இதுவரை வந்ததிலேயே இதுதான் உண்மையானது. இருநூறு பக்கம் எழுதியிருக்கிறேன், முதல் பக்கத்திலேயே குழந்தையைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டேன். இறந்ததைச் சொல்வதிலேயே குறியாக இருந்து, இருந்ததைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அவர் ஒரு பாதியைத் தூக்கிக்கொண்டு நின்றார், நான் மறு பாதியை. சண்டைக்குக் கேட்பானேன்.


ஜூலை 8, செவ்வாய்

எழுதுகிறேன். எலி, பென்சில், வாத்தியார், எல்லாம். பேனா ஓடுகிற வேகத்துக்கு என் கையெழுத்தை இனி இவராலும் படிக்க முடியுமா தெரியவில்லை.


ஜூலை 13, ஞாயிறு

புதிதாகப் பதினோரு பக்கம். இவர் அடிக்கிறார். நடுநடுவே நிறுத்தி, "அந்த வாத்தியாருக்கு வழுக்கை. சேரு" என்கிறார். சேர்க்கிறேன். "பல்லு விழுந்த கதையைக் காணோமே?" என்கிறார். அதையும் சேர்க்கிறேன். பதினோரு பக்கம் பதினாறு ஆகிவிட்டது. இப்படியே விட்டால் புத்தகம் தலையணை மாதிரி வந்துவிடும்.

கடைசியில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். இப்போது எண் மாறியிருக்கும், இருந்தாலும் எங்களுக்கு அது அந்தப் பக்கம்தான். புது வரியை எழுதிக் காட்டினேன்.

'விடியும்வரை அவள் இருந்தாள். விடியும்போது இறந்தாள்.'

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் அடிக்கட்டுமா?" என்று கேட்டேன். "முடியலைன்னா பரவாயில்ல. நிஜமாவே பரவாயில்ல."

"உனக்கு அடிக்கத் தெரியாது. நகரு" என்றார்.

முதல் வாக்கியம் வழக்கம்போல டொக் டொக்கென்று வந்தது. இரண்டாவதில் 'இ' அடித்தார். நிறுத்தினார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார், ஒரு விரல்தான் மிச்சம். அந்த ஒரு விரலால் மற்றதை அடித்தார். 'ற' வந்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"சின்ன எழுத்தா இருக்கு" என்றார் பிறகு.

"பெருசு பண்ணணுமா?"

"வேண்டாம். படிக்க முடியுது."


ஜூலை 15, செவ்வாய்

பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "ஓடற குதிரையைப் பிடிச்சுக் காலை மாத்தறீங்களேம்மா!" பதினாறு பக்கத்தையும் உட்கார்ந்து படித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். "அட்டையை மாத்திடறேன்" என்றார். "அந்த வாத்தியார் கடைசியில கண்ணாடி போட்டாரா இல்லையா?"


ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. பேராசிரியர் ஒரு பத்தி எழுதியிருக்கிறார்: 'ஒப்பற்ற ஒரு மௌனத்தை ஆசிரியர் தன் கையாலேயே உடைத்துவிட்டார்.' ஆசிரியர் கையால் இல்லை, ஆசிரியரின் கணவர் விரலால். சொல்லலாமா என்று யோசித்தேன். பாவம், நன்றாக எழுதுகிற மனுஷர், விட்டுவிட்டேன்.

பொறியாளருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். முப்பத்தெட்டாம் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார். குழாயைத் திருத்தியிருந்தேன். முகம் மலர்ந்துவிட்டது.

தைக்கிறவர் போன் செய்தார். "பார்த்தேன்" என்றார். "வர வெச்சுட்டீங்க." வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாராம். யாரும் வாயைப் பொத்தவில்லையாம். பிறகு என் அளவு கேட்டார். எனக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பப் போகிறாராம், பட்டன் எல்லாம் அவர் பையன் சேர்த்து வைத்தது. ஒன்றுக்கொன்று சேராது, சம்மதமா என்றார். சம்மதம் என்றேன்.


செப்டம்பர் 13, சனி

அரை நாள் ஆபீஸ். வரும் வழியில் கடைக்குப் போனேன். இவர் ஒரு அம்மாவுக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்துக்குள் புதுக் கண்ணாடி வேண்டுமாம். வாய் ஓயவில்லை அந்த அம்மாவுக்கு. இன்னும் இரண்டு பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். போன் வந்தது, இவர் எடுத்துப் பேசிவிட்டு என் பக்கம் திரும்பி, "பெரியவன். வியாழக்கிழமை வர்றானாம்" என்றார்.

"பெரிய பையனுக்கு வெளியூர்ல வேலையா?" என்றார் அந்த அம்மா, ஒரு கண்ணை மூடிக்கொண்டே. "அப்போ சின்னவங்க என்ன பண்றாங்க?"

எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இவர் காது கேட்காத மாதிரி லென்ஸை மாற்றுவார், நான் எதையாவது சொல்லிப் பேச்சைத் திருப்புவேன். இன்றைக்கும் என் வாய் தயாராகிவிட்டது.

"சின்னவ இருந்தாம்மா" என்றார் இவர். "ஏழு வயசுல இறந்துட்டா."

கையிலிருந்த லென்ஸைப் பெட்டியில் அதன் குழியில் திருப்பி வைத்தார்.

அந்த அம்மா "ஐயோ" என்றார். கண் இரண்டும் தளும்பிவிட்டது. இவர் துணியை எடுத்து நீட்டினார். "துடைச்சுக்கோங்க. கலங்கின கண்ணுல பார்த்தா பவர் தப்பா வரும். கொஞ்ச நேரம் ஆகட்டும், அவசரமில்ல."

"எப்படிங்க இருப்பா?" என்று கேட்டார் அந்த அம்மா.

இவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்றேன்" என்றார். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் கொஞ்சம் முன்னால் நகர்ந்துகொண்டார்கள். நான் வாசலுக்குப் போய் எல்லோருக்கும் டீ சொன்னேன்.